அத்தியாயம் 7: வேனில் கழியும் முப்பது மணி நேரம்

இரவு முழுக்க ஓடும் அணி ரிலேவுக்குப் பெயர் கொடுத்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “என் பங்கு எத்தனை மைல்?” என்பதுதான். அதற்கு விடை சுலபம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் ஹூட் டு கோஸ்ட் ரிலேவையே எடுத்துக்கொள்வோம். மொத்தத் தூரம் ஏறத்தாழ 198 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை 36 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முழு அணி என்றால் 12 பேர். ஆளுக்கு மூன்று கட்டம். ஒருவர் பங்குக்குச் சராசரியாகப் பதினாறரை மைல் வரும். மைலுக்குப் பத்து நிமிடம் என்று நிதானமாக ஓடினால்கூட இரண்டே முக்கால் மணி நேரத்தில் உங்கள் ஓட்டம் முடிந்துவிடும். அதே வேகத்தில் அணி கடற்கரையைத் தொட 33 மணி நேரம் பிடிக்கும். மிச்சமுள்ள முப்பது மணி நேரமும் நீங்கள் வேனில் இருப்பீர்கள், அல்லது வேனுக்குப் பக்கத்தில் புல்வெளியில், அல்லது கழிப்பறை வரிசையில்.

இந்த அத்தியாயம் அந்த முப்பது மணி நேரத்தைப் பற்றியது. பயிற்சியில் எந்தக் குறையும் வைக்காத அணிகள் பாதி வழியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாமே ஓடாத நேரத்தில் வந்த வினை. வியர்வைச் சட்டையோடு தூங்கிப்போனவர், நள்ளிரவில் காரமாகச் சாப்பிட்டவர், கைமாறும் இடத்துக்கு வந்து சேராத வேன். மூன்றாவது முறை சாலையில் இறங்கும்போது உங்கள் கால் எப்படி இருக்கும் என்பதை அதற்கு முந்தைய இருபது மணி நேரத்தில் நீங்கள் உடுத்தியதும் உண்டதும் உறங்கியதும்தான் முடிவு செய்யும்.

மலையிலிருந்து கடலுக்கு

இந்த ரிலேவை 1982இல் தொடங்கியவர் பாப் ஃபூட். அந்த முதல் ஆண்டு ஓடியவை எட்டு அணிகள். அப்போது ஓட்டம் பசிபிக் சிட்டியில் முடிந்தது. 1989இலிருந்து சீசைட் என்ற கடற்கரை ஊரில் முடிகிறது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் ஓடுகின்றன, இடம் கிடைப்பதற்கே குலுக்கல். தொடக்கம் ஹூட் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜ். அங்கிருந்து இறங்கி, சாண்டி ஊரைத் தாண்டி, போர்ட்லண்ட் நகருக்குள் வந்து, கொலம்பியா ஆற்றை ஒட்டி செயின்ட் ஹெலன்ஸ் வரை போய், பிறகு மேற்கே திரும்பிக் கடலோர மலைத்தொடரைக் கடந்து சீசைடின் மணலில் இறங்குகிறது பாதை.

பகலும் இரவுமாகக் கைமாற்றிக் கைமாற்றி ஓடுவது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானில் 1917இல் கியோட்டோவின் சன்ஜோ பாலத்திலிருந்து டோக்கியோவின் உவேனோ வரை, சுமார் 508 கிலோமீட்டரை, 23 கட்டங்களாக ஓடினார்கள். ‘எகிடென்’ என்ற ஜப்பானிய மரபுக்கு அதுதான் பிறப்பு. அங்கே ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்குப் போவது ஒரு துணிப்பட்டை. ஹூட் டு கோஸ்டில், மணிக்கட்டில் தட்டினால் தானே சுருண்டு பற்றிக்கொள்ளும் பட்டை. சின்னப் பொருள்தான். ஆனால் வியர்த்த கையிலிருந்து வியர்த்த கைக்கு அது போகும் நொடியில்தான் பன்னிரண்டு பேரும் ஓர் அணி என்பது உடம்புக்குப் புரிகிறது.

அணிக்கு இரண்டு வேன். முதல் ஆறு பேர் முதல் வேனில், அடுத்த ஆறு பேர் இரண்டாவதில். முதல் வேன் ஆறு கட்டங்களை முடித்துவிட்டு இரண்டாவது வேனிடம் பட்டையை ஒப்படைக்கும். அது ஆறு கட்டம் ஓடித் திருப்பித் தரும். இப்படி ஒவ்வொரு வேனுக்கும் மூன்று சுற்று. இரண்டு வேன்களும் சந்திக்கும் பெரிய மாற்றுமிடங்கள் ஐந்தே ஐந்து: 6, 12, 18, 24, 30ஆம் கட்டங்களின் முடிவு. அட்டவணை போடும்போது இந்த ஐந்தையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மற்ற இடங்களில் ஐந்து நிமிடம் பிசகினால் சமாளிக்கலாம். இங்கே பிசகினால் ஒரு வேன் முழுதும் தவித்து நிற்கும்.

அட்டவணை

மெதுவாக ஓடும் அணிகளை அதிகாலையிலும் வேகமான அணிகளைப் பிற்பகலிலும் கிளப்பிவிடுவார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடற்கரைக்கு வந்து சேர வேண்டும் என்பது கணக்கு. உங்கள் அணி மைலுக்குப் பத்து நிமிட அணி, வெள்ளி காலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 33 மைல், ஐந்தரை மணி நேரம். முதல் வேன் காலை 10.30க்கு ஒப்படைக்கும். இரண்டாவது வேன் 10.30 முதல் மாலை 4 வரை. முதல் வேனின் இரண்டாம் சுற்று 4 முதல் இரவு 9.30 வரை. இரண்டாவது வேனுக்கு 9.30 முதல் அதிகாலை 3 வரை. பிறகு முதல் வேன் 3 முதல் காலை 8.30 வரை, இரண்டாவது வேன் சனி பிற்பகல் 2 மணிக்குச் சீசைடில்.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். யாரை எந்த வேனில் போடுவது என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. முதல் வேன்காரர்கள் மலையில் விடியுமுன் நிற்க வேண்டும். போர்ட்லண்டிலிருந்து டிம்பர்லைனுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். வீட்டிலிருந்து கிளம்பினால் வியாழன் இரவுத் தூக்கம் போச்சு. மலையடிவாரத்தில் அரசாங்க முகாம் என்று பொருள்படும் பெயருடைய கவர்மென்ட் கேம்ப் ஊரிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ அறை எடுத்து அந்த ஆறு பேரையும் எட்டு மணிக்கே படுக்க வையுங்கள். இரண்டாவது வேன்காரர்கள் வெள்ளி காலை வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு நேராகச் சாண்டிக்கு வந்தால் போதும். ஆனால் அவர்களுக்கு விலை வேறு இடத்தில்: முதல் சுற்று நடுப்பகல் வெயிலில், இரண்டாம் சுற்று முழுக்க முழுக்க இரவில். இருட்டில் தனியாக ஓடிப் பழகியவர்களையும் வெயில் தாங்குபவர்களையும் இரண்டாவது வேனில் வையுங்கள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வரும் தாய் தகப்பன் இருந்தால் அவர்களுக்கும் இரண்டாவது வேன்தான் தோது.

ஒவ்வொருவரும் தம் வேகத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும். பத்து கிலோமீட்டரை அண்மையில் எத்தனை நிமிடத்தில் ஓடினீர்கள் என்று கேளுங்கள். கல்லூரிக் காலத்து நேரம் வேண்டாம். அதை மைல் வேகமாக்கி, கட்டத்தின் தூரத்தால் பெருக்குங்கள். இரவுக் கட்டத்துக்கு மைலுக்கு அரை நிமிடம், மூன்றாம் கட்டத்துக்கு முக்கால் நிமிடம் கூட்டுங்கள். இது என் கணக்கு. உங்கள் அணிக்கு வேறாக இருக்கலாம், ஆனால் கூட்டாமல் மட்டும் விடாதீர்கள். ஆறு பேரும் தலைக்கு நான்கு நிமிடம் தாமதித்தால் அடுத்த வேன் இருபத்து நான்கு நிமிடம் கூடுதலாகக் குளிரில் நிற்கும்.

அட்டவணையைக் காகிதத்தில் அச்சிட்டு இரண்டு வேனிலும் ஒட்டுங்கள். கடலோர மலைத்தொடருக்குள், குறிப்பாக மிஸ்ட் என்ற சிற்றூரைச் சுற்றி, செல்போன் சிக்னல் கிடைக்காது. போர்ட்லண்டில் வாட்ஸ்அப்பில் சுலபமாகப் பேசிக்கொண்டு வந்த இரண்டு வேன்களும் அங்கே ஒன்றையொன்று தொலைத்துவிடும். அதனால் செயின்ட் ஹெலன்ஸில் பிரியும்போதே, ஓடப்போகும் வேன்காரர்களை மற்ற வேனிடம், “அடுத்த பெரிய மாற்றுமிடத்துக்கு உத்தேசம் மூணு மணிக்கு. ரெண்டேகாலுக்கு அங்க இருங்க” என்று வாய்விட்டுச் சொல்லி, அவர்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டார்களா என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

முதல் கட்டத்தின் இறக்கம்

பன்னிரண்டு பேரில் முதலாமவரைத் தேர்ந்தெடுப்பதுதான் கேப்டனுக்குக் கடினமான வேலை. டிம்பர்லைனிலிருந்து கிளம்பும் முதல் கட்டம் செங்குத்தான இறக்கம். இறக்கம்தானே என்று எல்லாரும் கை தூக்குவார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் முழு எடையையும் முன்தொடைத் தசை நீண்டபடியே தாங்கிப் பிடிக்கிறது. அப்படி நீண்டுகொண்டே வேலை செய்யும் தசையில்தான் நுண்ணிய சிதைவு அதிகம். அந்த வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டாம் நாள் உச்சத்துக்கு வரும். முதலாமவர் தம் மூன்றாவது கட்டத்தை ஓடப்போவது ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, அந்த வலி மேலெழும் நேரத்தில்.

இதற்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் ஓடிச் சிதைந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சிதைவதில்லை. ஆகவே முதலாமவர் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பும், மறுபடி பத்து நாள் முன்பும், நீளமான இறக்கத்தில் ஓடிப் பழகட்டும். ஓட்டத்தன்று அடியைக் குறுக்கி, வேகமாக மாற்றி வைத்து இறங்கட்டும். குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றினால் முட்டி அடி வாங்கும். முட்டியில் பழைய வலி உள்ளவருக்கு, எவ்வளவு கேட்டாலும், இந்தக் கட்டத்தைக் கொடுக்காதீர்கள்.

வேனுக்குள்

பெரிய ஜிப்லாக் பைகள் ஆளுக்கு நான்கு. இந்த ஒரு வரிக்காக மட்டும் யாராவது இந்த நூலை வாங்கினாலும் காசு வீண் போகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பை: உள்ளாடை, பனியன், அரைக்கால் சட்டை, காலுறை, ஊக்கு குத்திய எண் அட்டை. பையின் மேல் மார்க்கரில் பெயரும் கட்ட எண்ணும். காற்றைப் பிதுக்கி மூடி, மூன்றையும் அடுக்கிவிடுங்கள். ஓடி முடித்ததும், அந்தப் பையிலிருந்து எடுத்து உடுத்தியதைக் கழற்றி, ஈரமும் நாற்றமுமாக அதே பைக்குள் அடைத்து மூடிவிடுங்கள். நாலாவது பையில் தூங்கும் உடுப்பு: உலர்ந்த பருத்திச் சட்டை, கம்பளித் தொப்பி, தடித்த காலுறை. இருட்டில் விரலால் தடவி எடுக்கும்போது சரியான பை கையில் வரும். இல்லையென்றால் அதிகாலை இரண்டரைக்கு வேனின் உள்விளக்கைப் போட்டு, தூங்கும் ஐந்து பேரையும் எழுப்பி, ஒரு காலுறையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஓடி முடித்தவர் வேனில் ஏறியதும் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உடுப்பு மாற்றம், அப்புறம்தான் கதை. ஈரச்சட்டை பத்து நிமிடத்தில் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கால் தசை இறுகும். அடுத்த கட்டம் வரை அந்த இறுக்கம் போகாது. பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த ஏதாவது ஒரு குடிநீர், ஓஆர்எஸ் பொட்டலம் போதும். முப்பது, நாற்பது நிமிடத்துக்குள் சாப்பாடு. பிறகு காலைத் தூக்கி வைத்துப் படுக்கை. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைச்சுற்றலும் வாந்தியும் வரும், முற்றினால் உயிருக்கே கேடு. தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு குடியுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ரயில் பயணத்துக்கு என்று நம் வீடுகளில் கட்டித் தரும் சாப்பாடெல்லாம் இதற்கும் பொருந்தும். போர்ட்லண்ட், ஹில்ஸ்பரோ பக்கம் வசிக்கும் தமிழர்கள் சேர்ந்து அணி கட்டினால் பாஸ்தா டப்பாவைச் சுமக்கத் தேவையே இல்லை. நல்லெண்ணெயில் பொடி தடவிய இட்லி ஒரு பகல் முழுக்கத் தாங்கும், வயிற்றிலும் சுகமாக இறங்கும். பொடியில் மிளகாயை மட்டும் பாதியாக்குங்கள். எலுமிச்சைச் சாதம், உப்புப் போட்டு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கடலை மிட்டாய். தயிர்சாதம் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் ஆகஸ்ட் வெயிலில் மூடிய வேனில் மதியத்துக்குள் புளித்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்தால் கொண்டு போங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஊறுகாயும் வறுத்த பண்டமும் சீசைடுக்குப் போன பிறகு. ஓட இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திட உணவை நிறுத்திவிடுங்கள். காப்பி, ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும். அடுத்து தூக்கம் என்றால் தொடவே வேண்டாம்.

வேனுக்கு ஒரு கேப்டன் வேண்டும், அவர் பேச்சை மற்ற ஐந்து பேரும் கேட்க வேண்டும். எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது, யார் தூங்குவது என்பதில் ஓட்டெடுப்பு நடத்தினால் விடிந்துவிடும். வயதில் மூத்தவர் என்பதற்காக அந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். களைப்பில் எரிந்து விழாதவர் யாரோ, அவரிடம் கொடுங்கள்.

இரவு

ஆகஸ்ட் கடைசியில் அங்கே சூரியன் எட்டு மணியை ஒட்டி மறைகிறது, காலை ஆறரையை ஒட்டி எழுகிறது. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், நெற்றி விளக்கு, முதுகுப் பக்கம் மினுக்கும் சிவப்பு விளக்கு மூன்றும் இரவு நேரத்தில் கட்டாயம். இவை ஆளுக்கு ஒரு செட் இருக்க வேண்டும். ஒரே ஜாக்கெட்டை ஆறு பேர் மாற்றி மாற்றிப் போடலாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். கைமாறும் நொடியில் பட்டையை வாங்கவா, ஜாக்கெட்டைக் கழற்றவா என்று இருவரும் இருட்டில் பின்னிக்கொள்வார்கள். மாற்று பேட்டரியும் வேண்டும். வேனிலிருந்து இறங்கி நிற்பவரும், கழிப்பறைக்குப் போகிறவரும்கூட ஜாக்கெட் போட்டுத்தான் இறங்க வேண்டும். இரவில் ஓடுபவரைவிட நிற்பவர்தான் ஓட்டுநர் கண்ணில் படாமல் போகிறார்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. வாகனம் எதிரே வரும்படி ஓடுவதுதான் பாதுகாப்பு. நம் ஊரில் அது சாலையின் வலப்பக்கம். அமெரிக்காவில் வாகனங்கள் வலப்பக்கம் போவதால், நீங்கள் ஓட வேண்டியது இடப்பக்கம். பகலில் இதில் யாருக்கும் குழப்பம் வராது. அதிகாலை இரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் இறங்கும்போது கால் தானாகப் பழைய பழக்கத்துக்குப் போகும். பந்தயக் கையேடு சில கட்டங்களில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தானே சொல்லிவிடும். அங்கே அதுதான் சட்டம். மற்ற இடங்களில், ஓடுபவர் கிளம்பும்போது வேன் கேப்டன் ஒரே ஒரு சொல் சொல்லட்டும்: “இடப்பக்கம்.”

போர்ட்லண்டின் பிற்பகல் முப்பது டிகிரியைத் தாண்டலாம். அன்று இரவே மலைத்தொடருக்குள் பனிமூட்டம் இறங்கிப் பத்து டிகிரிக்கு வந்துவிடும். நெற்றி விளக்கின் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். அப்போது விளக்கை நெற்றியிலிருந்து எடுத்து இடுப்பளவில் கையில் பிடித்தால் பாதை தெரியும். சில கட்டங்கள் சரளைச் சாலையில் போகின்றன. வேன்கள் கிளப்பும் புழுதி மூட்டத்தோடு சேர்ந்து தொண்டையை அறுக்கும். ஒரு கைக்குட்டையை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைப் பையில் விட்டுவிட்டுப் போகக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். சில கட்டங்களில் வேன் வழியில் நின்று தண்ணீர் கொடுக்க அனுமதி கிடையாது. எவை என்பது அந்தந்த ஆண்டின் கையேட்டில் இருக்கும். அதைக் கட்டம் கட்டமாக வாசித்து, ஓடுபவர் கையில் பாட்டிலைக் கொடுத்து அனுப்புங்கள்.

இரவு மாற்றுமிடத்தின் பரபரப்பு பகலில் இருப்பதைப் போலல்ல. தூரத்துச் சாலையில் நெற்றி விளக்குகள் மட்டும் ஆடி ஆடி வரும். வருவது நம் ஆளா என்று கிட்டே வரும்வரை தெரியாது. தொண்டர் ஒருவர் இருட்டுக்குள் நின்று வரும் அணியின் எண்ணைக் கூவுவார். வரிசையில் நிற்கும் முப்பது, நாற்பது பேரும் அந்தக் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள்.

“தம்பி, நம்ம நம்பரைக் கூப்பிட்டாங்களா?”

“இன்னும் இல்லக்கா. கணக்குப்படி ரெண்டு நிமிஷம் இருக்கு. ஸ்வெட்டரைக் கழட்டிக் கொடுத்துடுங்க, நான் வச்சிருக்கேன்.”

அந்தத் தம்பி அங்கே நிற்பதுதான் முக்கியம். ஓடப்போகிறவர் தனியாக நிற்கக் கூடாது. அவரோடு வேனிலிருந்து இன்னொருவர் வந்து, குளிருடுப்பை வாங்கிக்கொண்டு, எண்ணைக் காது கொடுத்துக் கேட்டு, ஓடி முடித்து வருபவரைத் தோளில் தாங்கி வேனுக்கு அழைத்துப் போக வேண்டும். ஓடி வருபவருக்குக் கடைசி நூறு அடியில் கண் இருட்டும், வேன் எங்கே நிற்கிறது என்று தெரியாது.

இன்னொன்று, வேன் நெரிசல். பின்னால் கிளம்பிய வேகமான அணிகளெல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு உங்களைப் பிடித்துவிடும். ஆயிரக்கணக்கான வேன்களும் ஒற்றைத் தடச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஓடுபவர் வேனுக்கு முன்பே மாற்றுமிடத்துக்குப் போய்ச் சேர்வது அங்கே சாதாரணம். அரை மைல் தூரத்தில் வண்டி நகராமல் நின்றால், அடுத்து ஓடப்போகிறவரும் துணையாளும் ஜாக்கெட், விளக்கு, தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்துவிடட்டும். வேன் பிறகு வந்து சேரும். நெரிசலில் ஹார்ன் அடிக்காதீர்கள், கதவை அறையாதீர்கள். அந்தப் பண்ணை வீடுகளில் தூங்குகிறவர்கள் ஆண்டுக்கொருமுறை தங்கள் சாலையை நமக்கு விட்டுக்கொடுத்தவர்கள்.

தூக்கமும் ஸ்டியரிங்கும்

ஐந்தரை மணி நேரம் ஓய்வு என்று அட்டவணை சொல்லும். அதில் அடுத்த மாற்றுமிடத்துக்குப் பயணம், சாப்பாடு, உடுப்பு மாற்றம், முக்கால் மணி முன்னதாக எழுந்திருப்பது எல்லாம் போகத் தூக்கத்துக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம் இருந்தால் பெரிது. அதைத் தூக்கம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக் காலை நீட்டிக் கிடங்கள். உடம்புக்கு அதுவும் கணக்குதான். உண்மையான தூக்கத்தைப் பந்தயத்துக்கு முந்தைய நான்கைந்து இரவுகளிலேயே சேர்த்துவைக்க வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்து.

எழுந்தவுடன் ஓட இறங்காதீர்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு அரை மணி நேரம் வரை மூளை மந்தமாகவே இருக்கும். விடியுமுன் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்புச் சூடும் மிகக் குறைந்த நிலையில் இருப்பதால் கால் இரும்பாகக் கனக்கும். முக்கால் மணி முன்னதாக எழுந்து, கொஞ்சம் இனிப்பு சாப்பிட்டு, ஸ்வெட்டரோடு மெல்ல நடந்து சூடேற்றிக்கொண்டால் முதல் மைல் தாங்கும்.

எங்கே படுப்பது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வேன்கள் நிற்கும் புல்வெளியில், வண்டிக்குப் பக்கத்தில், தூக்கப்பையை விரித்துப் படுக்க ஆசையாக இருக்கும். விளக்கணைத்து உருண்டு வரும் இன்னொரு வேனுக்கு நீங்கள் புல்லோடு புல்தான். செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்திலும் அதன் பிறகு வரும் பெரிய மாற்றுமிடங்களிலும் தூங்குவதற்கென்று கயிறு கட்டி ஒதுக்கிய இடம் இருக்கும். அங்கே மட்டும் படுங்கள். வேனுக்குள் படுத்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னலை விரல் அளவு திறந்துவையுங்கள்.

இனி, இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: ஓட்டுநர். இப்படிப்பட்ட ரிலேவில் ஓடும் தசையைவிட ஓட்டும் கண்ணால் வரக்கூடிய கேடு பெரிது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் கவனத்தைப் போலத்தான் இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெள்ளி காலை மூன்று மணிக்கு எழுந்தவர் அன்று இரவு எட்டு மணிக்கே அந்த நிலைக்கு வந்துவிடுவார். அதன் பிறகுதான் மலைச்சாலை, மூட்டம், இரு ஓரமும் ஆட்கள்.

ஓடாத ஒருவரை வேனுக்கு ஓட்டுநராக அழைத்துவர முடிந்தால் அதைவிட நல்ல செலவு இல்லை. அவருக்கும் தூங்கும் நேரத்தை அட்டவணையில் எழுதுங்கள். முடியாவிட்டால், ஓடுபவர்களில் மூன்று பேரை ஓட்டுநர்களாக முன்பே குறித்துவிடுங்கள். ஒருவர் ஓட்டுவது ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தான் ஓடி முடித்த உடனே யாரும் ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது, கால் பிடித்துக்கொண்டால் பிரேக் மிதிக்க முடியாது. ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது முன்னிருக்கையில் இன்னொருவரும் விழித்திருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். “எனக்கு ஒண்ணும் தூக்கம் வரல” என்று ஒருவர் மூன்றாவது தடவை சொன்னால் அப்போதே வண்டியை ஓரங்கட்டி ஆளை மாற்றுங்கள். அதனால் மாற்றுமிடத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனால், போகட்டும். யாரும் சாவதில்லை.

மூன்றாம் சுற்றுக்கு ஒத்திகை

மூன்றாவது கட்டத்தில் எல்லாருடைய காலும் வேறு யாருடையதோ போலிருக்கும். அதற்கான பயிற்சி ஒன்றுதான்: களைத்த காலோடு, அரைகுறைத் தூக்கத்தோடு ஓடிப்பார்ப்பது. பந்தயத்துக்கு மூன்று அல்லது நான்கு வாரம் முன்பு ஒரு வெள்ளி மாலை எட்டு கிலோமீட்டர், சனி அதிகாலை நான்கு மணிக்கு இன்னொரு எட்டு, அன்றே நண்பகலில் ஆறு. ஒருமுறை செய்தால் போதும், ஆனால் அணியாகச் சேர்ந்து செய்யுங்கள். எந்தச் சாப்பாடு யார் வயிற்றில் தங்குகிறது, யார் நெற்றி விளக்கு ஆடுகிறது, யார் தூக்கம் கெட்டால் முகம் கறுக்கிறார் என்பதெல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஓட முடியாமல் யாராவது நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகையன்றே பேசி முடியுங்கள். மாற்று ஆள் எந்தக் கட்டத்தில் எந்த வரிசையில் ஓடலாம் என்பதற்குப் பந்தயத்தில் விதி உண்டு. அதை வேன் கேப்டன்கள் இருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, நிற்காத வாந்தி மூன்றில் எது வந்தாலும் அந்த ஆளுக்கு ஓட்டம் அத்தோடு முடிந்தது. மருத்துவ உதவிக்குத்தான் போக வேண்டும், மற்றவர்கள் யாரும் “இன்னும் ஒரு கட்டம்தானே” என்று சொல்லக் கூடாது.

முதல் வேன் சனி காலை தன் கடைசிக் கட்டத்தை முடித்ததும் நேராகச் சீசைடுக்குப் போய்விடலாம். குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, மீதி ஆறு பேர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடற்கரைக்கு நடந்து வர வேண்டும். வண்டியைக் கடற்கரைப் பக்கம் கொண்டுவர முயலாதீர்கள், ஊரே அடைத்துக் கிடக்கும். பன்னிரண்டாமவர் மணலில் இறங்கும்போது மற்ற பதினொருவரும் அவரோடு சேர்ந்து கோட்டைக் கடப்பது வழக்கம். எங்கே கூடி நிற்பது என்பதை வெள்ளிக்கிழமையே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போர்ட்லண்டுக்குத் திரும்பும் சாலை ஒன்றரை மணி நேரம்தான், வீட்டுக்கே போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றும். அன்று இரவு போகாதீர்கள். சீசைடிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்; குலுக்கலில் இடம் கிடைத்த அன்றே அறைக்கும் பணம் கட்டிவிடுங்கள். அறை கிடைக்காவிட்டால், ஓடாத, தூங்கி எழுந்த ஒருவரைச் சனி மாலை சீசைடுக்கு வரச் சொல்லி, இரண்டு வேன் சாவிகளில் ஒன்றை அவரிடம் கொடுங்கள். இன்னொரு வேன் ஞாயிறு காலை வரை அங்கேயே நிற்கட்டும்.